பாட்டில்லாத இசைத்தட்டு

ராக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஆனாலும் அக்காள் மகன், "மாமா, இதை ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்று கொடுத்த இசைத்தட்டை மறுக்க முடியவில்லை. ஸ்டீவ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கர் 1999-இல் வெளியிட்ட 'ஃபிளமென்கோ அ கோ-கோ'. பில்லி ஐடல் என்ற பாடகரோடு மின்சாரக் கிட்டார் வாசித்துப் பெயரெடுத்தவர். 1986-இல் வந்த 'டாப் கன்' படத்தின் இசைக்காக மறு ஆண்டே கிராமி பரிசும் பெற்றவர்.

ஃபிளமென்கோ, தென் ஸ்பெயினின் ஏழை எளியவர் வளர்த்த கலை. ஜிப்சிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. அவர்களுடைய முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். கொல்லுப்பட்டறையில் பிறந்த பாட்டுக்கு 'மார்ட்டினெத்தே' என்று பெயர். சம்மட்டி அடிதான் அதற்குத் தாளம். லா உனியோன் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர் பாட்டும் உண்டு. உடம்பு வலியைப் பாட்டில் இறக்கி வைப்பது என்னவென்று நம் தோட்டத்து வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கிட்டாருக்கு நைலான் நரம்பு. விரல் நகங்களை விசிறிபோல் விரித்து நரம்புகளை வருடுவார்கள். நடுநடுவே பலகையிலும் தட்டுவார்கள். தாளங்களில் முக்கியமானது பன்னிரண்டு எண்ணிக்கை கொண்டது. அழுத்தம் சம இடைவெளியில் விழாது. பாடகர் மூச்சை இழுத்தால் கிட்டார்காரர் காத்திருப்பார்.

மின்னணுத் தாளம் யாருக்குக் காத்திருக்கும்? அந்தப் பயத்தோடுதான் கேட்க உட்கார்ந்தேன். தாளம் கடிகாரம்போல ஓடத்தான் செய்கிறது. ஆனால் அதன்மேல் விரல்கள் சற்று முந்துவதும் பிந்துவதுமாக விளையாடும்போது, மனிதக் கை தோற்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது. வேகமான இடங்களில் மனிதர் அசத்துகிறார். மெதுவான இடங்களில்தான் பின்னணி ஓசைகள் திரைப்பட இசைபோல வழவழப்பாகி விடுகின்றன.

எனக்குள்ள குறை வேறு. ஃபிளமென்கோவுக்கு உயிர் குரல். இது முழுக்க வாத்திய இசை. சம்மட்டி பிடித்தவனின் தொண்டை இதில் இல்லை. இயந்திரம் அதை விரட்டவில்லை, கிட்டார்காரர் அழைக்கவேயில்லை. இளைஞர்கள் தாராளமாகக் கேட்கட்டும். கூடவே ஒரு மார்ட்டினெத்தேயையும் தேடிக் கேளுங்கள். அதில் கிட்டாரே இருக்காது.