கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவுன்னு நினைச்சு ஓடிடாதீங்க மக்கா. தமிழ்ல தட்டச்சுற எல்லாருக்கும் இதுல பங்கு உண்டு.

கணினியில நாம எழுதுற கட்டம் இருக்கே, அதுல உள்ளே சேமிக்கிற எழுத்து வேற, வெளியே வரைஞ்சு காட்டுறது வேற. கடவுச்சொல் அடிச்சா புள்ளி புள்ளியா தெரியுதே, அந்தக் கதைதான்.

எங்க சித்தி பொண்ணு ஆரம்பப் பள்ளி டீச்சர். அங்கே ஒரு தட்டச்சுப் பயிற்சி மென்பொருள். சரியா அடிச்ச எழுத்து பச்சை, தப்பு சிவப்பு. நல்ல யோசனைதான். ஆனா "கோ"வுல ஆரம்பிக்கிற பேர் உள்ள ஒரு ரெண்டாங்கிளாஸ் வாண்டு தன் பேரை அடிச்சா, க தனியா, ரெட்டைக்கொம்பு தனியா, நடுவுல புள்ளி வட்டம் ஒண்ணு, கால் தனியா! அழிச்சு அழிச்சு அடிச்சுப் பார்த்துட்டு, "எனக்கு என் பேரே எழுதத் தெரியல மிஸ்"னு சொல்லிடுச்சாம். கேட்டதும் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு.

விஷயம் இதுதான். "தமிழ்" நமக்கு 3 எழுத்து. யூனிகோடுக்கு 5 குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. "கோ"வுக்கு 2 குறியீடுதான், ஆனா திரையில 3 துண்டு. கொம்பை முன்னாடி தள்ளி, காலைப் பின்னாடி வைக்கிற வேலையை ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு எஞ்சின் பார்த்துக்குது. அதுக்கு முழு எழுத்தும் கண்ணுல படணும். நிறம் மாத்துறதுக்காக குறியீடு குறியீடா வெட்டிக் கொடுத்தா, பாவம் அது என்ன பண்ணும்? ஆங்கிலத்துல இப்படி வெட்டினாலும் ஒண்ணும் தெரியாது. அதான் யாரும் கவனிக்கல.

கியூட்டியில ஒரு சோதனை நிரல் எழுதிப் பார்த்தேன். கியூலைன்எடிட்ல காட்டும் எழுத்தைத் தர்ற டிஸ்ப்ளேடெக்ஸ்ட் விர்ச்சுவல் இல்ல, மாத்தி எழுத முடியாது. பெயின்ட்ஈவென்ட்ல கை வச்சா கர்சர், தேர்வு, உருட்டல் எல்லாம் நம்ம தலையில விடியும். குறுக்கு வழி ஒண்ணு இருக்கு: கியூஇன்புட்மெத்தட்ஈவென்ட் வழியா "இங்கிருந்து இத்தனை எழுத்து இந்த நிறம்"னு சொல்லி அனுப்பிடலாம். தொடக்கத்தை மட்டும் கர்சர் இருக்கிற இடத்துலேர்ந்து கணக்குப் போடணும். வரையுற வேலையைக் கட்டமே பார்த்துக்கும்.

முக்கியமானது, நிறம் மாறுற எல்லை எழுத்தோட நடுவுல விழக் கூடாது. கியூடெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டர் அந்த எல்லையைச் சொல்லும். க்ஷ, ஸ்ரீ ரெண்டையும் மட்டும் தனியா கவனிக்கணும். யூனிகோடு விதிப்படி ஒவ்வொண்ணும் ரெண்டு எழுத்துக் கணக்கு.

நிரல் எழுதத் தெரியாட்டியும் பரவாயில்ல. புதுசா எந்த மென்பொருள் வந்தாலும் கோ, கௌ, க்ஷ, ஸ்ரீன்னு நாலு அடிச்சுப் பாருங்க. உடைஞ்சா படம் பிடிச்சு, செஞ்சவங்களுக்கே அனுப்புங்க. சொன்னாத்தானே தெரியும் :-)