இரண்டு நாள் முஸாபிர்கள்

பயணத் தொழுகைப் பாடத்தை நாம் எத்தனை ஆண்டு நடத்தியிருப்போம் என்று கணக்கிட்டால் முப்பதுக்குக் குறையாது. மூன்று நாள் நடைத்தொலைவே பயணம். அதனைப் பிற்கால உலமாக்கள் நாற்பத்தெட்டு மைல் என்று வரையறுத்தனர். இக்கால அளவையில் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். அத்தொலைவை நாடி ஊரெல்லையைக் கடந்தவர் முஸாபிர். சென்ற ஊரில் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணமுடையவர் நான்கு ரக்அத்துப் பர்ளை இரண்டாகச் சுருக்கித் தொழுவார். இது ஹனபி மத்ஹபின் சட்டம். உத்திரமேரூரிலிருந்து சென்னைப் பட்டணம் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கட்டுமென்று எப்போதும் ஒரே உதாரணத்தைத்தான் சொல்லி வந்தோம்: "உத்திரமேரூர்க்காரர் ஒருவர் தம் மனைவியுடன் பட்டணத்துக்குப் போகிறார்…"

சென்ற டிசம்பரில் அரையாண்டு விடுமுறை விட்ட அன்று இரவு, எம் துணைவியார் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டார்: "ஏங்க, அந்த உத்திரமேரூர்க்காரர் எப்பத்தான் கிளம்பப் போறார்?"

நமக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. பள்ளி விட்டு வந்தபின் மாலைதோறும் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது எமது வழக்கம். திண்ணைக்கும் அடுப்படிக்கும் இடையே ஒரு சுவர்தான். மணமாகி முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் பட்டணத்தை மும்முறை கண்டதுண்டு. தம் அத்தாவின் கண் சிகிச்சைக்காக ஒருமுறை, மகளின் பேறுகாலத்துக்காக ஒருமுறை, உறவினர் ஒருவரின் ஜனாஸாவுக்காக ஒருமுறை. மூன்றிலும் கடலைப் பார்க்கவில்லை. நாமோ கிதாபு வாங்கவும் கூட்டங்களுக்கும் எண்ணிலடங்காத தடவை சென்று திரும்பியவர். சனியும் ஞாயிறும் சென்று வரலாம் என்று அப்போதே வாக்களித்தோம்.

சனிக்கிழமை சுப்ஹு தொழுத கையோடு செங்கல்பட்டுக்குப் பேருந்து ஏறினோம். தென்புறத்துப் பேருந்துகள் பெரும்பாலும் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுவதால், செங்கல்பட்டில் இறங்கி மின்ரயிலைப் பிடிப்பதே நம்மைப் போன்றோர்க்கு உசிதம். கொளவாய் ஏரியின் ஓரமாக வண்டி புறப்பட்டபோது துணைவியார் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டார். வண்டலூர் வந்ததும், "உயிர்க்காலேஜ் இங்கேதானே இருக்கு?" என்றார். அவருடைய நன்னிமா விலங்குக் காட்சிசாலையை அப்படித்தான் சொல்வாராம். அது பழைய பட்டணத்தார் வழக்கு. உயிருள்ளவற்றைக் காட்டுமிடம் உயிர்க்காலேஜ், உயிரற்றவற்றைக் காட்டும் அருங்காட்சியகம் செத்தகாலேஜ். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கிய அக்காட்சிசாலை, பின்னர் மத்திய ரயில் நிலையத்தை அடுத்த பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தது. நன்னிமா கண்டது பூங்காவிலிருந்த நாளில்.

எழும்பூரில் இறங்கி முதலில் செத்தகாலேஜுக்கே போனோம். 1851இல் நிறுவப்பட்டது. அமராவதிச் சிற்பக் கற்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்தபின் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் முன் வந்து நின்றோம். அதன் நீளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்துவிட்டு, "கடலைக் காட்டுங்கன்னு கேட்டா, கடல்ல இருந்ததோட எலும்பைக் காட்டுறீங்களே" என்றார் துணைவியார். வெளியே வரும்போது 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தின் பக்கம் எம் கால்கள் தாமாகத் திரும்பியதையும் அவர் கவனிக்காமல் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை.

திருவல்லிக்கேணியில் தங்க இடம் தேடியது தனிக்கதை. விடுமுறைக் காலமென்று வாடகையை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு விடுதியில் மேசைக்குப் பின்னிருந்த இளைஞர் எம் நரைத்த தாடியையும் துணைவியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். ஆதார் அட்டைகளை நீட்டினோம். மாடிப்படி ஏறும்போதெல்லாம் துணைவியார் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். ளுஹரை அந்தச் சிறிய அறையிலேயே இருவரும் ஜமாஅத்தாக இரண்டு ரக்அத் தொழுதோம்.

இனிச் சொல்லப்போவது எமது குற்றம். அஸருக்கு வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றோம். "தொழுதுவிட்டு உடனே வந்துவிடுகிறேன், அப்படியே கடற்கரைக்குப் போய்விடலாம்" என்று சொல்லி, துணைவியாரை மரநிழலில் அமர்த்தி, பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய கருங்கல் பள்ளி அது. ஊர்க்காரரான இமாமின் பின்னால் தொழும் முஸாபிர் நான்கையும் நிறைவு செய்ய வேண்டும், அவ்வாறே தொழுதோம். அத்தோடு வெளியேறியிருக்க வேண்டும்.

அங்கே அடங்கியிருப்பவர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ ஆலிம். லக்னோவின் பரங்கி மஹல் அறிஞர் மரபில் தோன்றி, நவாபின் அழைப்பை ஏற்று இப்பட்டணத்துக்கு வந்து, 1810இல் இங்கேயே மறைந்தவர். அவர் இயற்றிய 'பவாத்திஹுர் ரஹமூத்' என்னும் உஸூல் நூலின் பெயரைக் கேட்டாலே எம் ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவர். அவர் பட்டணம் வந்த நாளில் நவாபே பல்லக்குக்குத் தோள் கொடுத்தார் என்பர். அங்கே பாத்திஹா ஓதி நின்றதில் சிறிது நேரம் போயிற்று.

பிறகு கல்வெட்டு. பள்ளி எழுந்த ஆண்டை எழுத்தெண்ணில் அடக்கிப் பாரசீகத்தில் யாத்தவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் கிரத் என்னும் இந்துப் பெருமகனார். இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது என்னும் பொருள்பட்ட மூன்று சொற்களுக்குள் ஆண்டு ஒளிந்திருக்கிறது. அப்ஜத் கணக்குத் தெரிந்தவர்க்கு இத்தகைய இடத்தைவிட்டு நகர்வது கடினம். விரல்விட்டுக் கூட்டினோம்: முதற்சொல் 920, இரண்டாவது 66, மூன்றாவது 223. ஆக 1209. ஹிஜ்ரி 1209 என்பது கிறித்தவ ஆண்டு 1794-95. மீண்டும் ஒருமுறை கூட்டினோம். அருகிலிருந்த பெரியவர் ஒருவருக்கும் கூட்டிக் காட்டினோம்.

வெளியே வந்தபோது நிழல்கள் நீண்டு கிடந்தன. துணைவியார் அதே இடத்தில், பையை மடியில் வைத்தபடி, எம் செருப்பைப் பிறர் மிதிக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அமர்ந்திருந்தார். நாம் மகிழ்ச்சி பொங்கக் கல்வெட்டுக் கணக்கைச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "நம்மூர்லயும் கல்லுல எழுத்து இருக்குங்க. கடல்தான் இல்லை."

உண்மைதான். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் உத்திரமேரூருக்கு வருகிறார்கள்; நாம் நினைத்தபோது போய்ப் பார்க்கிறோம்.

கடற்கரையை அடைந்தபோது கதிரவன் பின்னால் கட்டடங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். மெரினாவின் மணல் இவ்வளவு அகலமாக முன்பு இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தென்புறத்தில் மணல் சேர்ந்து சேர்ந்து கடல் விலகிப்போயிற்று. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து அப்பெயரைச் சூட்டினார். இவற்றை நாம் விளக்கிக்கொண்டே வர, துணைவியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே நடக்கத் தொடங்கினார். மணலில் எம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவுமில்லை. விடுமுறைக் கூட்டத்துக்கிடையில் அவருடைய சேலையின் நிறத்தை மட்டும் குறிவைத்து நடந்தோம்.

நாம் போய்ச் சேர்ந்தபோது அவர் கணுக்கால் நீரில் நின்றுகொண்டிருந்தார். ஓர் அலை வந்து திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போக, தடுமாறி எம் கையைப் பற்றினார். பொது இடத்தில் அவர் எம் கையைப் பற்றியது அதுவே முதல் முறை என நினைக்கிறோம்.

"முந்திவிட்டாய்" என்றோம். அத்துடன், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி வென்றதையும், பல காலத்துக்குப்பின் மற்றொரு பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, அதற்கு இது சரியாயிற்று என்று சொல்லி மகிழ்ந்ததையும் எடுத்துரைத்தோம். ஹதீஸ் கிதாபு ஓதிய நாள்முதல் நமக்கு விருப்பமான வரலாறு அது.

"தெரியும்" என்றார் துணைவியார், கடலைப் பார்த்தபடியே. "ஓடுறதுக்கு முன்னால, கூட வந்தவங்களையெல்லாம் முன்னே போகச் சொல்லிட்டாங்கன்னும் சொல்லுவீங்களே."

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஹதீஸில் அப்பகுதியும் இருக்கிறது. தோழர்களை முன்னே அனுப்பிவிட்டுத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் மனைவியோடு பின்தங்கினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த இடத்தை விரைவாகக் கடந்து பந்தயத்துக்குப் போய்விடுவோம். இன்று நாமோ, கூட வந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஆலிமோடும் முன்ஷியோடும் ஒரு மாலைப்பொழுதின் பெரும்பகுதியைக் கழித்திருந்தோம். "மன்னித்துக்கொள்" என்றோம். அலையோசையில் கேட்டதோ இல்லையோ, "சுண்டல் வாங்கித் தாங்க" என்றார்.

மஃரிபுக்குச் சுருக்கம் இல்லை. மூன்று ரக்அத்தையும் மணலிலேயே துண்டு விரித்துத் தொழுதோம். இருட்டியபின்னும் அவர் எழவில்லை. கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை சுழன்று வரும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை எண்ணினார் என்று நாம் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் கலங்கரை விளக்கம் 1977இல் திறக்கப்பட்டது என்று சொல்லிவிடுவோமோ என்ற அச்சம்தான்.

ஞாயிறு காலை மீண்டும் கடலுக்கே போனோம். பிறகு பேரப்பிள்ளைகளுக்குச் சில பொருள்கள், மாலையில் ரயில். கிதாபுக் கடைப் பக்கம் போகவில்லை. செங்கல்பட்டில் பேருந்துக்குக் காத்திருந்தபோது இஷா நேரம் வந்துவிட்டது. "இங்கேயே தொழுதா இரண்டு, வீட்டுக்குப் போய்த் தொழுதா நாலு, இல்லையா?" என்று கேட்டார். ஆம் என்றோம். சற்று யோசித்துவிட்டு, "அப்ப இங்கேயே தொழுதுக்குவோம்" என்றார்.

மறுநாள் மாலை பிள்ளைகள் திண்ணைக்கு வந்தார்கள். "ஹஜ்ரத், இரண்டு நாளா எங்கே போனீங்க?" என்று ஒருவன் கேட்டான். அன்றைய பாடம் வேறு. ஆனாலும் கிதாபைப் புரட்டிப் பயணத் தொழுகையையே எடுத்தோம். "உத்திரமேரூர்க்காரர் ஒருவர் தம் மனைவியுடன்" என்று தொடங்கியதும், சுவருக்கு அப்பால் பாத்திரச் சத்தம் நின்றது.