எதைவிட வேகம்?

மடிக்கணினி வாங்கச் செல்பவர் எவரும் சில்லின் உள்ளே பார்த்துத் தேர்வதில்லை. அவர் கைக்கு வந்து சேர்வது ஒரு வாக்கியம். 'இத்தனை மடங்கு வரை வேகம்', 'இத்தனை சதவீதக் கணினிகளை விஞ்சியது', 'இந்தப் பிரிவில் முதன்மையானது' என்பவை போன்ற வாக்கியங்களின் வழியாகவே இன்டெல், ஏஎம்டி, ஆப்பிள், குவால்காம் ஆகிய நிறுவனங்களின் போட்டி பொதுவெளிக்கு வருகிறது. ஆகவே இந்தப் போட்டியைப் பொறியாளர் மட்டுமன்றி மொழி பயில்பவரும் வாசிக்க இயலும். இவ்வாக்கியங்களுள் அப்பட்டமான பொய் மிகக் குறைவு. பெரும்பாலானவை உண்மையே, ஆனால் வாக்கியத்தை நிறைவு செய்யும் ஓர் உறுப்பு அவற்றில் விடுபட்டிருக்கும்.

ஆங்கிலத்தில் பெயரடையின் இறுதியில் ஒரு விகுதியைச் சேர்த்தால் ஒப்பீடு பிறந்துவிடுகிறது. எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். தமிழில் அத்தகைய விகுதி இல்லை. 'வேகமானது' என்பது ஒப்பீடன்று. 'அதைவிட', 'அதைக் காட்டிலும்' என ஒரு பெயர்ச்சொல் முன்னே வந்து நின்றாக வேண்டும். நன்னூலும் ஒப்பை ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாகவே வைக்கிறது. அதாவது, ஒப்பீடு ஒரு பெயரின் மேல் ஏறி வர வேண்டியது. விளம்பரத் தமிழோ 'இன்னும் வேகம்', 'கூடுதல் ஆற்றல்' என்று அந்தப் பெயரை நழுவவிடப் பழகிக்கொண்டது. விடுபட்ட அந்தப் பெயரைத் தேடிச் சென்றால் இத்துறையின் கால் நூற்றாண்டு வரலாறே கிடைக்கிறது.

2001 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்டு நிகழ்வில் ஆப்பிள் ஒரு செய்முறையைக் காட்டியது. 867 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி ஜி4 சில்லு, 1.7 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சில்லை ஃபோட்டோஷாப் பணிகளில் முந்தியது. கடிகார வேகத்தை மட்டும் கொண்டு சில்லை மதிப்பிடுவது மாயை என்பது ஆப்பிளின் வாதம். அறிவியல்படி அது சரியே. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஆனால் சோதனைக்குரிய பணிகளைத் தேர்ந்தவரும் ஆப்பிளே. அதே ஆண்டு அக்டோபரில் ஏஎம்டி தன் அத்லான் எக்ஸ்பி சில்லுகளுக்குக் கடிகார வேகத்தைப் பெயராக இடுவதைக் கைவிட்டது. 1.53 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கிய சில்லு '1800+' என்னும் பெயருடன் கடைக்கு வந்தது. அந்த எண் தன் முந்தைய அத்லானோடு ஒப்பிட்டு இடப்பட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். வாங்கியவர்கள் அதைப் பென்டியம் 4-ஓடு ஒப்பிட்டே வாசித்தார்கள். ஒப்பீட்டுக்குரிய பெயர் வாசிப்பவர் மனத்தில் தானே நிரம்பிக்கொண்டது.

மெகாஹெர்ட்ஸால் அதிகம் வென்ற இன்டெலும் அதே பொறியில் சிக்கியது. 2003 மார்ச்சில் அது வெளியிட்ட பென்டியம் எம் மடிக்கணினிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. குறைந்த கடிகார வேகத்தில், குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை செய்தது. ஆனால் எண்ணைப் பார்த்து வாங்கப் பழக்கப்பட்டவருக்கு அது மெதுவான சில்லாகத் தோன்றும். 2004இல் இன்டெலும் கடிகார வேகத்தைப் பின்தள்ளி, சில்லுகளுக்கு வரிசை எண் இடத் தொடங்கியது. மூன்றாண்டுகளுக்கு முன் போட்டியாளர்கள் சொன்னதைத் தன் சொந்தத் தேவை வந்தபோது அதுவும் ஏற்றுக்கொண்டது.

ஆப்பிளின் வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் இதன் மறுபக்கம் தெரியும். 2006 ஜனவரியில் முதல் மேக்புக் ப்ரோ, இன்டெல் சில்லுடன் அறிமுகமானது. பழைய பவர்புக் ஜி4-ஐவிட நான்கு மடங்கு வரை வேகம் என்றது நிறுவனம். 2020 நவம்பர் 10 அன்று தன் சொந்த எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏர், இன்டெல் சில்லு கொண்ட முந்தைய ஏரைவிட 3.5 மடங்கு வரை வேகம் என்றது. பவர்பிசியைப் போற்றிய நிறுவனம் இன்டெலைக் கொண்டு அதை வீழ்த்தியது. பின்னர் எம்1-ஐக் கொண்டு இன்டெலை வீழ்த்தியது. மூன்று காலத்திலும் வாக்கிய அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. 'வரை' என்னும் சொல் சிறியது. ஆனால் அது உச்சத்தைச் சொல்லிச் சராசரியை மறைக்கிறது. பத்துப் பணிகளில் ஒன்றில் மட்டும் அந்த வேகம் கிட்டினாலும் வாக்கியம் பொய்யாகாது.

எம்1 அறிமுகத்தில் மேலும் இரு கூற்றுகள் கவனத்துக்குரியவை. முதலாவது ஒரு வரைபடம். அதில் எம்1-க்கு எதிரே நின்றது 'அண்மைய பிசி மடிக்கணினிச் சில்லு'. அதற்குப் பெயர் இல்லை. இரண்டாவது, கடந்த ஓராண்டில் விற்ற பிசி மடிக்கணினிகளுள் 98 சதவீதத்தைவிடப் புதிய மேக்புக் ஏர் வேகமானது என்னும் கூற்று. இங்கே ஒப்பீட்டுப் பெயர் உண்டு. ஆனால் அது விற்ற கணினிகளின் தொகை. சந்தையில் மிகுதியாக விற்பவை விலை குறைந்தவை. விலை உயர்ந்த ஒன்றை அந்தப் பெருங்கூட்டத்தோடு நிறுத்தினால் உயரமாகத்தான் தெரியும். இவ்வளவுக்கும் எம்1 உண்மையிலேயே சிறந்த சில்லு; நிறுவனத்தைச் சாராத சோதனையாளர்களும் அதன் வேகத்தையும் மின்சிக்கனத்தையும் பாராட்டினார்கள். நல்ல பொருளுக்கும் முழுமையற்ற வாக்கியம் எழுதப்படுகிறது என்பதே இங்கே கருதத்தக்கது.

2021 பிப்ரவரியில் இன்டெல் தன் பதிலை முன்வைத்தது. செயல்வேகம் பற்றிய பக்கங்களில் கோர் ஐ7-1185ஜி7 சில்லை எம்1 கொண்ட 13 அங்குல மேக்புக் ப்ரோவோடு ஒப்பிட்டது. மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்னும் பக்கத்துக்கு வந்ததும் எதிரே மேக்புக் ஏர் அமர்த்தப்பட்டது. ஆப்பிளின் சொந்தக் கணக்குப்படியே ப்ரோவைவிடக் குறைந்த நேரம் தாங்குவது அது. இன்டெல் தரப்பிலும் சில்லு மாறி ஐ7-1165ஜி7 ஆயிற்று. தனித்தனியே ஒவ்வொரு பக்கமும் உண்மையாக இருக்கலாம்; ஆனால் வேகத்தில் வென்ற கணினியும் மின்கலத்தில் ஈடுகொடுத்த கணினியும் ஒன்றல்ல. அவ்வாண்டு மார்ச்சில், 2006 முதல் ஆப்பிள் விளம்பரங்களில் 'மேக்' ஆக நடித்த ஜஸ்டின் லாங், இன்டெலின் விளம்பரத்தில் பிசியின் பக்கம் தோன்றினார்.

அளவு மட்டுமன்றி, சொல்லின் பொருளே வழக்காடு மன்றம் ஏறியதும் உண்டு. ஏஎம்டி தன் புல்டோசர் வகை மேசைக்கணினிச் சில்லுகளை எட்டு 'கோர்' கொண்டவை என விற்றது. அவற்றில் எட்டும் நான்கு இணைகளாக அமைந்திருந்தன; ஒவ்வோர் இணையும் தசமக் கணக்கீட்டு அலகு உள்ளிட்ட சிலவற்றைப் பகிர்ந்துகொண்டது. அவ்வாறாயின் அவை எட்டா, நான்கா? 2015இல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு, 2019இல் 1.21 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. ஏஎம்டி தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. 'கோர்' என்றால் என்ன என்பதற்கும் இறுதி விடை வரவில்லை. ஒரு சொல்லின் பொருள் எல்லையைப் பொறியாளர் ஓரிடத்திலும் வாங்குபவர் வேறிடத்திலும் வரைந்திருந்தால், அந்த இடைவெளியில் வணிகம் நடக்கும்.

2023 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட ஒரு தொகுப்பு, ஏஎம்டியின் பெயரிடும் முறையைப் போலி மருந்து விற்பவரோடு ஒப்பிட்டு எள்ளியது. ரைசன் 5 7520யூ என்னும் பெயரைக் காண்பவர் அது புதிய தலைமுறை என நினைப்பார். உள்ளிருப்பதோ 2019இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஏஎம்டியின் விளக்கப்படி அந்த மூன்றாம் இலக்கமே கட்டமைப்பைக் குறிக்கிறது. அதை அறிந்து கடைக்குச் செல்பவர் எத்தனை பேர் என்பது வேறு. இன்டெல் அத்தொகுப்பை விரைவில் அகற்றியது. அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், முந்தைய ராப்டர் லேக் வடிவமைப்பைக் கோர் 7 150யூ என்னும் புதிய வரிசைப் பெயருடன் இன்டெலும் சந்தைக்கு அனுப்பியது.

இத்தனை பெயர்களையும் எண்களையும் ஒதுக்கிவிட்டுப் பொதுச் சோதனைகளையே நம்பலாமே என்று தோன்றும். அங்கும் வழி நேராக இல்லை. சிஸ்மார்க் சோதனையை உருவாக்கும் பாப்கோ கூட்டமைப்பிலிருந்து 2011இல் ஏஎம்டி வெளியேறியது. என்விடியாவும் வியாவும் உடன் விலகின. வரைகலைத் திறனைச் சோதனை போதிய அளவு மதிப்பதில்லை என்பது ஏஎம்டியின் குறை. வரைகலையே அதன் வலிமை. 1988இல் தோன்றிய ஸ்பெக் அமைப்பு மிகுந்த மதிப்புடையது. அது 2024இல் இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாதவை எனக் குறித்தது. பெரும்பாலும் சர்வர் சில்லுகளுக்குரியவை. சோதனையில் இடம்பெறும் ஒரு நிரலை முன்கூட்டியே அறிந்து, அதற்கெனவே வேகம் கூட்டும் வகையில் இன்டெலின் கம்பைலர் செயல்பட்டது என்பது காரணம். ஓர் அளவுகோலையே இலக்காக வைத்தால் அது அளக்கும் தகுதியை இழக்கும் என்னும் கருத்து, பொருளியலாளர் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை குறித்துச் சொன்னதிலிருந்து வளர்ந்தது. அதற்கு இன்று வழங்கும் வடிவத்தைத் தந்தவர் மானிடவியலாளர் மரிலின் ஸ்ட்ராதர்ன். 1997இல் அவர் எழுதியது பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் தணிக்கை முறை பற்றி.

இன்றைய எண் 'டாப்ஸ்'. செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென ஒதுக்கப்பட்ட என்பியூ என்னும் பகுதி, வினாடிக்கு எத்தனை இலட்சம் கோடிக் கணக்கீடுகள் செய்யும் என்பதே அது. 2024இல் மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட்+ கணினிகளுக்கு 40 டாப்ஸை வாசலாக வைத்தது. உடனே குவால்காம் 45, இன்டெல் 48, ஏஎம்டி 50 எனப் படிகள் எழுந்தன. இது ஏட்டளவில் எட்டக்கூடிய உச்சம். மொழி மாதிரி ஒன்று மடிக்கணினியில் சொல் சொல்லாக விடை தரும்போது அதன் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் விரைவு. அதை டாப்ஸ் சொல்வதில்லை. மெகாஹெர்ட்ஸ் காலத்தின் தவறு வேறு அலகில் திரும்பியிருக்கிறது.

இந்தச் சொற்போரின் விலையைத் தருபவர்களுள் ஆய்வு மாணவரும் ஒருவர். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நடுத்தர மடிக்கணினி ஒன்று அதில் இரண்டு மாதத்தை விழுங்கும். ஐந்தாண்டு ஆய்வு முழுவதும் அதுவே துணை. மொழியியல் மாணவர் ப்ராட்டில் ஒலிப்பதிவுகளைப் பகுக்கிறார், எலானில் உரையெழுதுகிறார், ஆர் மொழியில் புள்ளியியல் பார்க்கிறார். முதலிரண்டு வேலைக்கும் 50 டாப்ஸ் எதுவும் செய்யாது. அவருக்கு வேண்டிய கேள்விகள் வேறு. நினைவகம் பலகையிலேயே பொருத்தப்பட்டு, பின்னர் கூட்ட முடியாததா? அதே சில்லுக்கு இந்த மெல்லிய உடலில் எத்தனை வாட் அனுமதிக்கப்பட்டுள்ளது? குளிரூட்டி இல்லாத விடுதி அறையில், மே மாதத்தில், ஒரு மணி நேரம் ஓடிய பின்னும் அந்த வேகம் நிற்குமா? மின்இணைப்பைப் பிடுங்கினால் என்ன ஆகும்? ஆர்ம் வகைச் சில்லாயின், களப்பணிக் கருவியின் பழைய டிரைவர் அதில் இயங்குமா? இவற்றுள் ஒன்றுக்கும் பெட்டியின் மேலுள்ள எண் விடை சொல்வதில்லை.

சட்டம் இதை அறியாததன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, விளம்பரத்தின் அடிக்குறிப்பு கூற்றை விளக்கலாம், மறுக்கக் கூடாது. கூற்று எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே அதுவும் இருக்க வேண்டும். சில்லு விளம்பரங்களின் அடிக்குறிப்பு பெரும்பாலும் கூற்றின் எல்லையைச் சொல்வது: எந்தக் கணினி, எந்த மாதம், எந்தப் பணி, எந்த மின்நிலை. உண்மையான வாக்கியம் அங்கேதான் நிறைவு பெறுகிறது. கல்வித்துறையினருக்கு அடிக்குறிப்பு வாசிப்பது தொழில்; மேற்கோளின் மூலத்தைத் தேடாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புபவர்கள் அவர்கள். ஆயினும் துறையின் கொள்முதல் குழுவில் அமரும்போது, 'அண்மைய தலைமுறைச் சில்லு' என்று ஒரே வரியில் தேவையை எழுதிவிடுகிறார்கள்.

அந்த வரியை மாற்றுவது கடினமன்று. துறையில் நாள்தோறும் ஓடும் மூன்று நிரல்களையும் ஒரு மாதிரித் தரவையும் எடுத்து, வாங்கக் கருதும் கணினியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, முடிவை மாணவர்களுக்குத் திறந்து வைத்தால் போதும். அடுத்த ஆண்டு வருபவர் அதனோடு தன் முடிவைச் சேர்ப்பார். 'முன்னிருந்த முறையைவிடச் சிறந்தது' என்று ஆய்வுக்கட்டுரைகளின் அட்டவணைகளில் எழுதுவோருக்கும் இப்பழக்கம் உதவும். எந்த முறையைவிட, எந்தத் தரவில், எவ்வளவு என்று சொல்லாத கட்டுரைக்கும் பெட்டியின் மேல் ஒட்டிய வாக்கியத்துக்கும் இலக்கண வேறுபாடு இல்லை.