டிசம்பர் 25, 2020

மும்பையின் தாராவியில் முதல் கொரோனா தொற்று பதிவானது 2020 ஏப்ரல் 1-ல். அதன்பின் புதிய தொற்று ஒன்றுகூட இல்லாத முதல் நாள் டிசம்பர் 25. அந்த நாளை நாம் கொண்டாடவே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் ஜூலையிலேயே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். பெருமைதான். ஆனால் மும்பைப் புழுக்கத்தில் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து வழிய, சந்து சந்தாக நுழைந்து காய்ச்சல் பார்த்த சுகாதாரப் பணியாளர்கள், பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவி மருந்தடித்த தொழிலாளர்கள், மாநகராட்சியோடு கைகோத்து வீடு வீடாகப் போன உள்ளூர் டாக்டர்கள்... இவர்களிடம் "இது நீங்க செஞ்சது" என்று நம்மில் எத்தனை பேர் சொன்னோம்?

தொற்று மறுபடி வரும் என்ற பயம் வாயைக் கட்டிப்போட்டது. 2021-ல் இரண்டாம் அலை வரவும் வந்தது. அதனால் அந்த டிசம்பர் நாள் இல்லையென்று ஆகிவிடாது.

இப்போது தாராவியில் மறுசீரமைப்பு. வீடு எங்கே, பட்டறை எங்கே என்று தொண்ணூறடி ரோட்டில் எல்லோருக்கும் கவலை. இந்தக் கவலைக்கு நடுவிலும் தோல் பட்டறைத் தம்பிகள் ஆர்டரை முடித்துக் கொடுக்கிறார்கள். இட்லி விற்கும் அண்ணன்மார் விடியுமுன் அவித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். எல்லாம் தெளியட்டும், அப்புறம் பாராட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்களோடு வேலை செய்கிறவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.