பெட்டி வேலை

டிப்ளமா கடைசி வருஷம். ஐந்து பேர் ஒரு குழு. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று காட்டும் கருவி செய்ய வேண்டும். ஆர்டுயினோ போர்டும் சென்சாரும் வாங்க எல்லோரையும் போல நானும் காசு போட்டேன். புரோகிராம் எழுத ஒருவன், சால்டர் வைக்க இரண்டு பேர், ரிப்போர்ட் எழுத ஒருவன். எனக்கு? வாத்தியார் சிரித்தபடி சொன்னார்: "பெட்டிய இவன் செய்யட்டும். பெட்டி மொடைய இவன் ஆளுகளுக்குச் சொல்லியா குடுக்கணும்?" எல்லோரும் சிரித்தார்கள். கூட நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

என் அம்மை மூங்கில் சீவிக் கடவமும் சொளவும் முடைகிறவள். அது வகுப்புக்கே தெரியும். வைவாவில் பெட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்தது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் யார் பெயர் இருந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். தண்ணீர் குடித்த ஜனத்திலேயே மூன்று பேர். எங்கள் காலனித் தொட்டிக்கும் பூட்டு கிடையாது. ராத்திரி யார் ஏறினாலும் தெரியாது.

மூடி திறந்தால் ஐந்து பேர் போனுக்கு மெசேஜ் வர வேண்டும். மூடியில் ஒரு காந்தம், விளிம்பில் ரீட் சுவிட்ச், ஒரு ஆர்டுயினோ, சிம் கார்டு போடும் ஒரு மாட்யூல். அவ்வளவுதான். சர்க்யூட் இரண்டு நாளில் முடிந்தது. பெட்டிக்கு நாலு மாசம் ஆனது.

முதலில் பிஸ்கட் தகர டப்பா. மூடியதும் சிக்னல் செத்துப்போச்சு. தகரம் ரேடியோ அலையை மறித்துவிடும். பரீட்சையில் எழுதிய பாடம்தான், கைக்கு வந்து சேரவில்லை. அடுத்து பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். வெயிலில் மூடி கோணிக்கொண்டது. எங்கள் ஜில்லாவுக்கு மழையே இரண்டு, இடவப்பாதியும் ஐப்பசி மழையும். நாங்கள் இருப்பது ராஜாக்கமங்கலம் பக்கம், கடலின் உப்புக்காற்று வேறு. ஒரே மாசத்தில் பின்களில் பச்சைக் களிம்பு. மூன்றாவதாக நாகர்கோவிலில் ஐபி 65 என்று போட்ட பெட்டி வாங்கினேன். 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரையும் தாங்கும். தாங்கும்தான், நாம் ஓட்டை போடாதவரைக்கும். வயர் போக நான் மேலே துளைத்தேன்.

இத்தனை நாளும் அம்மை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த வாத்தியார் சொன்னது சரி என்று ஆகிவிடுமோ என்று ஒரு பயம். கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"மேல ஓட்ட போட்டா வெள்ளம் எறங்காம என்ன செய்யும் மக்கா? அடியில போடு."

அடியில் போட்டு, வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றினேன். வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பிறகும் காலையில் திறந்தால் உள்ளே வேர்த்திருந்தது. அதற்கும் அவள்தான் சொன்னாள்: "கடவத்துல வச்ச நெல்லு வேர்க்குமா? அது மூச்சு விடும்லா." அடியில் இன்னொரு சின்னத் துளை போட்டு, எறும்பு ஏறாமல் நைலான் வலை ஒட்டினேன். வெயிலுக்கு அவளே பனையோலையில் ஒரு தொப்பி முடைந்து தந்தாள். பெட்டிக்கும் தொப்பிக்கும் நடுவே காற்று ஓட நாலு விரல் இடம் விட்டுக் கட்டினேன்.

ஊராட்சியில் சொல்லிவிட்டு மேலே ஏற்றினோம். முதல் மெசேஜ் வந்தது ஒரு விடியற்காலையில். அலறிக்கொண்டு ஓடினோம். தொட்டியைக் கவனிக்கும் அண்ணன் பிளீச்சிங் பவுடர் போட ஏறியிருந்தார். அவரும் எங்கள் காலனிதான். "என்னையால சந்தேகப்படுதிய?" என்று இறங்கிப் போனவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வேங்கைவயல் குற்றப்பத்திரிகையை வாசித்த எனக்கு அவர் கோபம் நியாயமாகவே பட்டது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். மெசேஜ் போகும் ஐந்து நம்பரில் ஒன்றை எடுத்துவிட்டு அவருடையதைச் சேர்த்தேன்.

இப்போது ஏறுவதற்கு முன்னால் போன் பண்ணுகிறார். "தம்பி, மூடியத் தொறக்கப் போறேன். ஒம் பெட்டிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு."