கிரெமோனாவில் மதியம் கடை அடைப்பார்கள்

மதியம் பன்னிரண்டரை ஆனால் இத்தாலியின் கிரெமோனாவில் ஷட்டர்கள் இறங்கத் தொடங்கும். ஆணி விற்பவர், துணி விற்பவர், வயலினுக்கு மரம் விற்பவர், எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். மூன்று, மூன்றரைக்குத்தான் மறுபடி திறப்பு. திங்கட்கிழமை காலையிலும் பல கடைகள் பூட்டியிருக்கும். நினைத்த நேரத்தில் மாடியிலிருந்து இறங்கி அண்ணாச்சி கடையில் அரைக் கிலோ உளுந்து வாங்கிப் பழகிய மாம்பலத்துக்காரனுக்கு இது சுலபமாக ஒத்துவரவில்லை.

நான் போனது வயலின் செய்யக் கற்க. 16ஆம் நூற்றாண்டில் ஆந்த்ரேயா அமாத்தி வயலின் பட்டறை போட்ட ஊர் அது. ஸ்த்ராதிவாரி 1737இல் இறக்கும்வரை வேலை செய்ததும் அங்கேதான். 1938இல் அங்கே வயலின் செய்யக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். இன்றும் பல நாட்டுப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள்.

வந்தவுடன் மரத்தைக் கையில் கொடுப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். கொடுத்தது சாணைக்கல். நகவுளி, இழைப்புளி, கத்தி என்று ஒவ்வொன்றாகத் தீட்ட வேண்டும். ஆசிரியர் வந்து விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். வெள்ளைக் கோடு மின்னினால் அது இன்னும் மழுங்கல். தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார்.

வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். இரண்டு துண்டுகளை நடுவில் ஒட்டிச் செய்வது. ஒட்டும் விளிம்புகளை இழைத்து, ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தி ஜன்னல் பக்கம் பிடிக்க வேண்டும். இடையில் வெளிச்சம் மயிரிழை கசிந்தாலும் மறுபடி இழைப்புதான். ஒருநாள் சாயங்காலம் கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் காலையில் ஒரு முனையில் வெளிச்சம். குளிர்காலத்தில் போ ஆற்றுச் சமவெளியில் மூடுபனி கட்டிக்கொண்டு கிடக்கும். ஈரத்தில் மரம் அசையும். ஆசிரியர் அதிசயப்படவே இல்லை. "இழைத்தவுடன் ஒட்டு. அதற்கு நேரம் இல்லையென்றால் இன்று இழைக்காதே" என்றார்.

ஒட்டுவது வஜ்ஜிரத்தால், நம் பழைய தச்சர்கள் வைத்திருந்த அதே விலங்குத்தோல் பசை. ஊறவைத்து, கொதிக்கவிடாமல் வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும். கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். பூசிக் கவ்வி போட்டபின் அதைத் தொடக் கூடாது. சாப்பிடப் போகலாம். ஊரே மூடிக் கிடக்கும் அந்த மூன்று மணி நேரத்தின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வார்னிஷ் இன்னும் மோசம். மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிடு, மறுபடி ஒரு பூச்சு. வெயில் காலத்தில் வார்னிஷ் போடாத வயலின்கள் பால்கனிகளில் நிறமேறத் தொங்கும். காயப்போட்ட கருவாடு போல இருக்கும்.

எல்லா நிதானமும் இப்படிப் பயனுள்ளது என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டு மாணவன் இத்தாலிக்கு வந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை ரசீதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். அது கலாசாரம் இல்லை, வெறும் தாமதம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'ஐரோப்பிய நிதானம்' என்று புகழ்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் வேலைக்காக ஊர் அடங்குவதும் உண்டு. 2019 ஜனவரியில் அங்குள்ள வயலின் அருங்காட்சியகத்தில் பழைய கருவிகளின் ஒலியைப் பதிவுசெய்தபோது, பக்கத்துத் தெருக்களில் வண்டிகளை நிறுத்தி, மக்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார் மேயர். மக்களும் கேட்டார்கள்! உஸ்மான் ரோட்டில் சொல்லிப் பாருங்கள்.

நம் கர்நாடக சங்கீத வித்வான்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பதை ஒருநாள் ஆசிரியருக்கு வீடியோவில் காட்டினேன். பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து, இருநூறு ஆண்டுகளாக, எங்களிடம் இந்தக் கருவி இருக்கிறது என்றேன். அவர் வீடியோவை நிறுத்தி, பாதம் படும் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். "அங்கே வார்னிஷ் சீக்கிரம் தேயும். மெல்லிசாகப் போடு, பூச்சைக் கூட்டிக்கொள்" என்றார்.

வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: இத்தாலிய மொழி பேசவும் உளி தீட்டவும் ஊரிலேயே கற்றுக்கொள்ளுங்கள். வஜ்ஜிரமும் மரமும் ஜூலைக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். ஆகஸ்டில் கடைகள் விடுமுறைக்கு மூடிவிடும், விட்டால் செப்டம்பர்தான்.