பாலைவனத்தில் ஒரு ராத்திரி... 30 ஆம்ப்ஸில்!

பாலைவனம்னு சொன்னதும் உங்க மைண்ட்ல என்ன ஓடும்? மணல் மேடு, ஒட்டகம், ஒரு சொட்டுத் தண்ணிக்குத் தவிக்கிற ஹீரோ... எனக்கும் அதேதான் பாஸ். ஆனா, நான் போய் இறங்கின பாலைவனத்தில் மணல் மேடே இல்லை. பொடிக்கல் தரை, முள்ளுப் புதர், தூரத்தில் மொட்டை மலைகள். நடுவுல கண்ணுக்கு எட்டின வரைக்கும் வீடுங்க. அத்தனை வீட்டுக்கும் டயர் இருக்கு!

ஊர் பேரு க்வார்ட்ஸைட். அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் இருக்கு. லாஸ் ஏஞ்சலீஸில் கிளம்பி 10-ம் நம்பர் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தா, கொலராடோ ஆறு. அதைத் தாண்டினா அரை மணி நேரத்தில் இந்த ஊர். 2020 சென்ஸஸ்படி ஜனத்தொகை வெறும் 2,400 சொச்சம். நம்ம பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கே அவ்வளவு பேர் வருவாங்க! கோடையில் 45 டிகிரி வெயில், ஈ காக்கா இருக்காது. ஆனா நவம்பர் வந்துட்டா, கனடாவில் இருந்தும், அமெரிக்காவின் வட மாநிலங்களில் இருந்தும் பனிக்குப் பயந்து வண்டி வண்டியா வந்து குவியுறாங்க. இவங்களுக்குச் செல்லப் பேரு ‘ஸ்னோபேர்ட்ஸ்’. அமெரிக்க வேடந்தாங்கல்னு வெச்சுக்கங்களேன். என்ன, இங்கே பறவைகளுக்கெல்லாம் வயசு அறுபதுக்கு மேல!

செமஸ்டர் லீவில் பெரியம்மாவுக்குத் துணையா அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கிராண்ட் கேன்யன் போகலாம்னு அண்ணன் ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்தார். ரெக்ரியேஷனல் வெஹிக்கிள். அதாவது கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன். 25 அடி நீளம். இதை ஓட்ட ஸ்பெஷல் லைசென்ஸ் எதுவும் வேணாமாம். அண்ணன் மினி பஸ் டிரைவர் மாதிரி சீட்டு நுனியில் உட்கார்ந்தே அவ்வளவு தூரமும் ஓட்டினார். பெரியம்மா வழியெல்லாம் கந்தர் சஷ்டி கவசம்.

ராத்திரி தங்கினது ஹைவேயை ஒட்டின ஒரு ஆர்.வி. பார்க்கில். பார்க்னதும் ஊஞ்சல், சறுக்கு மரமெல்லாம் தேடாதீங்க. கல் கொட்டின மைதானம், நம்பர் போட்ட கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கரன்ட் பெட்டி, ஒரு தண்ணிக் குழாய், தரையில் ஒரு சாக்கடைக் குழி. இந்த மூணும் இருந்தா அதுக்குப் பேரு ‘ஃபுல் ஹூக்கப்’. நம்ம கட்டத்தில் வண்டியை நிறுத்தி, மூணையும் சொருகிக்கிட்டா வீடு ரெடி.

நிறுத்தறதுலயே மேட்டர் இருக்கு. வண்டி சமமா நிக்கணும். ஏன்னா, பல ஆர்.வி. ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரஸரே கிடையாது. அமோனியாவைச் சூடு பண்ணித்தான் குளிர் வருது. கேஸ் நெருப்பில் குளிர்ச்சி! தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் ‘வேப்பர் அப்ஸார்ப்ஷன்’னு ஒரு படம் மனப்பாடம் பண்ணி வரைவோமே, அதேதான். அமோனியா உள்ளே தானா வழிஞ்சு ஓடணும். வண்டி ரொம்பச் சாஞ்சிருந்தா அது தேங்கி, ஃப்ரிட்ஜ் படுத்துக்கும். அதனால சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டை வெச்சு, மேஸ்திரி மட்டம் பார்க்கிற மாதிரி பார்த்தோம். எட்டு மார்க் கேள்விக்கு எழுதினதை நேர்ல பார்த்ததில் எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை சரியா ஒரு மணி நேரம் தாங்குச்சு.

பாலைவனத்தில் சூரியன் போனதும் குளிர் சட்டுனு இறங்குது. காத்துல ஈரமே இல்லாததால், பகல் சூடெல்லாம் அப்படியே வானத்துக்குப் போயிடும். மத்தியானம் டி-ஷர்ட், ராத்திரி ஸ்வெட்டர். பெரியம்மா நடுங்க ஆரம்பிச்சதும் ஹீட்டரைப் போட்டேன். அண்ணி ரைஸ் குக்கரை ஆன் பண்ணாங்க. அண்ணன் பையன் மைக்ரோவேவில் பாப்கார்ன் வெச்சான். பாத்ரூமுக்குச் சுடுதண்ணி வேணும்னு அந்த ஸ்விட்சையும் நானே தட்டினேன். கொஞ்ச நேரத்தில்... டப்! கும்மிருட்டு.

“ட்ரிபிள் ஈ படிக்கிறவன் இருக்கான், பார்த்துக்குவான்”னு பெரியம்மா இருட்டுல என்னைக் கை காட்டுறாங்க. எனக்கு ஒண்ணுமே ஓடலை. நம்ம ஊர் 230 வோல்ட் மைண்ட் செட்டுலேயே இருந்துட்டேன் பாஸ். இங்கே 120 வோல்ட். எங்க வண்டிக்கு 30 ஆம்ப்ஸ். பெருக்கினா மொத்தமே 3,600 வாட்ஸ்தான். ஹீட்டர் 1,500, மைக்ரோவேவ் 1,500, சுடுதண்ணி 1,400, குக்கர் 700. கூட்டிப் பாருங்க, 5,100! இதைக் கண்டுபிடிக்க டிகிரி வேணாம், எல்.கே.ஜி. போதும்.

கண்டுபிடிச்சது நான் இல்லை. பக்கத்து வேன்ல இருந்த பாட்டி. டார்ச்சோட வந்து, கரன்ட் பெட்டியைத் திறந்து, பிரேக்கரை முழுசா ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப ஆன் பண்ணினாங்க. “ஒரு நேரத்தில் ஒரு சூடு. அதான் ரூல்”னு சொன்னாங்க. நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டுங்கிற உண்மையை அவங்ககிட்ட கடைசி வரைக்கும் சொல்லலை.

பாட்டிக்கு 71 வயசு. பெரியம்மாவுக்கு 70. நன்றி சொல்றதா நினைச்சு பெரியம்மா அவங்களைச் சாப்பிடக் கூப்பிட, சாம்பார் சாதமும் அப்பளமுமா ரெண்டு பேரும் வாசல்ல மடக்கு சேர்ல உட்கார்ந்துட்டாங்க. பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி. நடுவுல நான் டிரான்ஸ்லேட்டர்.

பெரியம்மாவோட முதல் கேள்வியே, “புள்ளைங்க இல்லையா?” நான் அதை மொழிபெயர்க்கத் தயங்கினேன். பாட்டியே புரிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டு பசங்க, வேற வேற ஊர்ல. கணவர் போனதுக்கு அப்புறம் வாடகை ஏறிக்கிட்டே போச்சாம். வர்ற பென்ஷன் வாடகைக்கே சரியாப் போக, வேனை வாங்கிட்டாங்க. ஆறு வருஷமா இதுதான் வீடு. கோடையில் வடக்கே மலைப்பக்கம் போய் ஏதாவது கேம்ப் கிரவுண்டைப் பார்த்துக்கிற வேலை. குளிர்காலத்தில் இங்கே. வழக்கமா ஊருக்குத் தெற்கே இருக்கிற ‘லா போஸா’ங்கிற அரசாங்க நிலத்தில்தான் இருப்பாங்களாம். சுமார் 11,000 ஏக்கர் பொட்டல். செப்டம்பர் 15-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் ஒரு சீஸன் பாஸ் எடுத்தா அங்கேயே தங்கலாம். கரன்ட் கிடையாது, சோலார்தான். துணி துவைச்சு, சுடுதண்ணியில் குளிக்க மட்டும் எப்பவாவது காசு கொடுத்து இந்தப் பார்க்குக்கு ஒரு ராத்திரி வருவாங்க. ‘நோமேட்லேண்ட்’ படம் பார்த்தவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். 2021-ல சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிச்சே, அதில் இந்த ஊரும் வருது. பாட்டிக்கு அந்தப் படம் அவ்வளவா பிடிக்கலை. “எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்க. நாங்க அவ்வளவு அழறதில்லை”ன்னாங்க.

“அப்போ லெட்டர் வந்தா எந்த அட்ரஸுக்கு வரும்?” இது என் டவுட். பதில் செம. சௌத் டகோட்டா மாநிலத்தில் ஒரே ஒரு ராத்திரி தங்கி, அந்த ரசீதைக் காட்டினா அந்த ஊர் டிரைவிங் லைசென்ஸே தர்றாங்க. தபாலை வாங்கி அனுப்பறதுக்கு அங்கே கம்பெனிகள் இருக்கு. அங்கே மாநில வருமான வரியும் இல்லை. அதனால, வண்டியிலேயே வாழற நிறையப் பேருக்கு பேப்பர்ல வீடு சௌத் டகோட்டாவில். நம்ம ஊர்ல ஒரு ரேஷன் கார்டு அட்ரஸ் மாத்த எத்தனை நாள் அலையறோம்!

பாட்டி குட் நைட் சொல்லிட்டு, கழுத்துல மாட்டியிருந்த சாவியால வேனைத் திறந்து உள்ளே போயிட்டாங்க. பெரியம்மா அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், பாத்திரத்தை எடுத்து வெச்சபடி என்கிட்ட மட்டும் கேக்கிற மாதிரி சொன்னாங்க: “நானும் இவ மாதிரிதான்டா. ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் பெங்களூர்ல உங்க அக்கா வீட்ல. பெட்டி கட்டிலுக்கு அடியிலயே இருக்கு. இவ கையிலயாவது சாவி இருக்கு.”

நான் என்ன சொல்ல? பெரியப்பா போனதும் கும்பகோணத்து வீட்டை வாடகைக்கு விட்டது எல்லாரும் பேசி எடுத்த முடிவு. நானும் அங்கேதான் இருந்தேன். ‘பெரியம்மா தனியா எப்படி இருப்பாங்க?’னு எல்லாரும் கேட்டோம். பெரியம்மாவைக் கேட்டதா ஞாபகம் இல்லை. அண்ணன் அந்தப் பக்கம் தண்ணி ஹோஸை சரி பண்ணிக்கிட்டு இருந்தார். அவர் காதுல விழுந்துச்சானு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

பத்து மணிக்கு மேல பார்க்கில் சத்தமே கூடாது. ஆனா ஹைவே லாரிகளுக்கு அந்த ரூல் கிடையாதே! ராத்திரி பூரா ‘ஊஊம்ம்...’னு ஒரு இரைச்சல். தூக்கம் வராம வெளியே வந்தேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில் இருந்து நாம எண்ணுறது பத்து, இருபது நட்சத்திரம்தானே? இங்கே உப்பைக் கொட்டின மாதிரி கிடந்துச்சு. பாட்டி வேன்ல மட்டும் சின்னதா ஒரு விளக்கு எரிஞ்சுது.

காலையில் ஊரைச் சுத்தினோம். சுத்தறதுக்கு ரெண்டு தெருதான். ஜனவரியில் இங்கே கல் சந்தை ஃபேமஸ். படிகம், ஃபாஸில்னு கல்லைக் கூறு கட்டி விக்கிறாங்க. பால் வைனர்னு ஒருத்தர் இங்கே வருஷக்கணக்கா புத்தகக் கடை நடத்தினார். தொப்பியும் கோவணம் சைஸுக்கு ஒரு துணியும்தான் அவர் டிரஸ்ஸே! 2019-ல இறந்துட்டார். மிஸ் பண்ணிட்டோம்.

முக்கியமான ஸ்பாட், சுடுகாடு. சீரியஸாத்தான். அங்கே பிரமிட் மாதிரி ஒரு சமாதி, உச்சியில் செம்பு ஒட்டகம். 1850-கள்ல அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சாமான் சுமக்க ஒட்டகம் இறக்குமதி பண்ணிச்சு. 1855-ல நாடாளுமன்றமே 30,000 டாலர் ஒதுக்கினது. 1856-ல முதல் செட்டு ஒட்டகங்களோட கப்பலில் வந்தவர்தான் ஹாஜி அலி. சிரியாவில் பிறந்தவர்னு சொல்றாங்க. அமெரிக்கக்காரங்க வாயில் பேர் நுழையாம ‘ஹை ஜாலி’ ஆயிட்டார். ஒட்டகங்கள் நல்லாத்தான் வேலை பார்த்துச்சு. உள்நாட்டுப் போர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டுட்டாங்க. சிலதை வித்தாங்க, சிலது காட்டுல திரிஞ்சுது. ஹை ஜாலி திரும்பிப் போகவே இல்லை. 1902-ல இங்கேயே இறந்தார். 1935-ல மாநில நெடுஞ்சாலைத் துறை இந்தச் சமாதியைக் கட்டுச்சு. பெரியம்மா செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி கடைசி வேலை, டேங்க் காலி பண்றது. பாத்ரூம் கழிவு ‘பிளாக் டேங்க்’, குளிச்ச, பாத்திரம் கழுவின தண்ணி ‘க்ரே டேங்க்’. முதல்ல பிளாக், அப்புறம் க்ரே. அப்பதான் ஹோஸ் கழுவிக்கும். மாத்தித் திறந்தா என்ன ஆகும்னு சாப்பிடற நேரத்தில் படிக்கிறவங்களுக்காக விட்டுடறேன். அண்ணன் கையுறை மாட்டிக்கிட்டு மூச்சை அடக்கி நின்னார். பாட்டி தூரத்தில் இருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டினாங்க.

பெரியம்மா அவங்களுக்கு ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தாங்க. பதிலுக்கு பாட்டி ஒரு வெள்ளைப் படிகக் கல்லைக் கையில் வெச்சு மூடினாங்க. இந்த முறை என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடலை.

வண்டி ஹைவேயில் ஏறி பத்து நிமிஷம் இருக்கும். பின் சீட்டுல இருந்து பெரியம்மா குரல்.

“ஏன்டா, கும்பகோணம் வீட்டுக்கு ரெண்டு சாவி இருந்துச்சே. ஒண்ணு குடியிருக்கிறவங்ககிட்ட. இன்னொண்ணு எங்கே?”

அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். “என்கிட்டதாம்மா. லாஸ் ஏஞ்சலீஸ்ல, டிராயர்ல இருக்கு.”

“ஊருக்குப் போனதும் எடுத்துக் கொடு.”

“சரிம்மா”ன்னார். ஃபீனிக்ஸுக்கு இன்னும் 200 கிலோமீட்டர். அண்ணி ஹீட்டரை ஆன் பண்ணாங்க. நான் உடனே வாட்ஸ் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டேன்.